முதுமையைக் கற்பிக்கும் இளையோர்

(ஜோகூர் பாருவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதுமை என்று கூட்டம் போட்டால் நாம் வழக்கமாக எதைப் பேசுவோம்? பெற்றோரைப் பேணாத பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டனவே என்று பேசுவோம். கூட்டுக் குடும்பம் போய்விட்டதே என்று வருந்துவோம். எல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் இன்று நான் பேச வந்தது, எந்த மேடையும் பேசாத ஒருவரைப் பற்றி. அவருக்கு முப்பது வயது இருக்கும்; ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். தாதிமைக் கல்லூரியிலோ மருத்துவ வகுப்பிலோ பிசியோதெரபி பயிற்சிக் கூடத்திலோ அவர் நிற்கிறார். முதியவரை எப்படிப் பார்க்க வேண்டும், எப்படித் தொட வேண்டும், அவர் சொல்வதை எவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்க வேண்டும் என்று இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நம்மை அவர்கள் தாங்கப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இவரை யார் தாங்குகிறார்கள்? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். கேளுங்கள். ஒரு நாட்டின் மக்களில் நூற்றுக்கு 7 பேர் 65 வயதைத் தாண்டிவிட்டால் அந்த நாடு மூப்படையத் தொடங்கிவிட்டது என்று கணக்கெடுப்பவர்கள் சொல்கிறார்கள். 14 பேர் ஆகிவிட்டால் மூப்படைந்த நாடு என்கிறார்கள். அந்த ஏழிலிருந்து பதினான்குக்குப் போக பிரான்ஸ் நாட்டுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? 115 ஆண்டுகள். மருத்துவமனை கட்ட, சட்டம் போட, ஆசிரியர்களை உருவாக்க, அந்த ஆசிரியர்கள் அடுத்த ஆசிரியர்களை உருவாக்க அவர்களுக்கு நான்கு தலைமுறை நேரம் இருந்தது. மலேசியாவுக்கு? உலக வங்கி 2020-இல் போட்ட கணக்குப்படி, அதே தூரத்தை நாம் 2020-க்கும் 2044-க்கும் இடையில் கடந்துவிடுவோம். 24 ஆண்டுகள்! இன்று முப்பது வயதில் வகுப்பறையில் நிற்கும் அந்த விரிவுரையாளர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அந்த ஆண்டு வந்துவிடும். அப்போது நம் படுக்கையருகே நிற்கப்போகும் தாதியும் டாக்டரும் இன்று அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதிலும் ஜோகூரின் நிலைமை தனி. நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். பகல் முழுவதும் வீட்டில் யார்? தாத்தாவும் பாட்டியும்தான். தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தால், அது மகனுக்கோ மகளுக்கோ தெரிய மாலையாகிறது. இந்த ஊரில் முதியோர் மருத்துவம் தெரிந்தவர்கள் தேவை. அதைக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடத் தேவை.

அதில் தனியாகக் கற்பிக்க என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். வயதானவர்களுக்கும் அதே இதயம், அதே நுரையீரல்தானே? உடல் அதேதான். ஆனால் நோய் தன்னைக் காட்டும் முகம் அதே இல்லை! முப்பது வயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் அடிக்கும், இருமல் வரும், நெஞ்சு வலிக்கும். எண்பது வயதுப் பாட்டிக்கு அதே நிமோனியா வந்தால், காய்ச்சலே இல்லாமல் திடீரென்று ஒரு நாள் பேச்சு தடுமாறலாம். மகளைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கலாம். வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? "வயசாயிடுச்சு, மூளை மங்கிப்போச்சு." அனுபவமில்லாத ஓர் இளம் டாக்டரும் அதையே எழுதிவிட்டால், அந்தப் பாட்டியின் நுரையீரலை யார் பார்ப்பது? மாரடைப்பு வந்தும் மார்வலி இல்லாமல் வெறும் அசதியாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று கீழே விழுவதில் போய் முடியலாம். விழுந்த இடத்தில் எலும்பை மட்டும் பார்த்துவிட்டு, ஏன் விழுந்தார் என்று கேட்காமல் அனுப்பிவிடலாம். இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் புத்தகம் படித்து வராது. படுக்கையருகே நின்று ஒருவர் கேட்பதைப் பார்த்துத்தான் வரும். அப்படி நின்று கேட்டுக் காட்டுகிறவர்தான் ஆசிரியர்.

இன்னொன்று. "பாட்டிக்கு முடியலை, நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அன்பால் சொல்கிறோம். ஆரோக்கியமாக இருந்த முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இப்படி என்றால், நிமோனியாவோடு பெரியாஸ்பத்திரியில் கிடப்பவருக்கு எப்படி இருக்கும்? நோய் குணமாகிறது, ஆள் எழுந்து நடக்க முடியவில்லை. அவரை முதல் நாளே கட்டிலோரம் உட்கார வைக்க வேண்டும், மறுநாள் நிற்க வைக்க வேண்டும் என்று தாதிக்கு யார் கற்பித்தது? யாரோ ஓர் ஆசிரியர். கற்பிக்காவிட்டால் அந்தத் தாதியும் அன்பால் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போவார்.

நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். பக்கத்தில் ஓர் ஆள் துணைக்கு நிற்கட்டும். ஒரு சாதாரண நாற்காலியில் உட்காருங்கள். எழுந்திருங்கள். 3 மீட்டர் நடங்கள். திரும்புங்கள். மறுபடி வந்து உட்காருங்கள். அவ்வளவுதான். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எந்த மாணவரும் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். நல்ல ஆசிரியர் என்ன சொல்வார்? "கடிகாரத்தை அப்புறம் பார், முதலில் ஆளைப் பார். எழும்போது கையை ஊன்றுகிறாரா? திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்புகிறாரா, குட்டிக் குட்டி அடியாக வைத்துத் திரும்புகிறாரா? நடக்கும்போது நீ பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுப் பதில் சொல்கிறாரா? அப்படியென்றால் அவர் விழப்போகிறவர், கவனி." இதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு மாணவருக்கு அரைமணி நேரம். வகுப்பில் அறுபது மாணவர் இருந்தால்? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இது நம் பாட்டிகளின் மானம் சம்பந்தப்பட்டது.

சுகாதார அமைச்சின் 2018 முதியோர் ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று சொல்கிறது. மறதியை எப்படி அளக்கிறார்கள்? உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லும். ஒரு சொல்லின் எழுத்துகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லும். ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லும். இப்போது நினைத்துப் பாருங்கள். ஜோகூர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல், விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்று, நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி. பென்சிலை வாழ்நாளில் பிடித்ததில்லை. அவர் கையில் பென்சிலைக் கொடுத்து ஐங்கோணம் போடு என்றால் என்ன ஆகும்? அதுவும் மலாயில் கேட்டால்? அவருக்குத் தெரிந்த மலாய் பாசாரில் மீன் வாங்கும் மலாய். பாட்டி பேசாமல் உட்கார்ந்திருப்பார். தாளில் மதிப்பெண் விழாது. மறதிநோய் என்று எழுதிவிடுவார்கள். பாட்டிக்கு மறதியா? தோட்டம் துண்டாடப்பட்ட வருடம், லயத்தை விட்டுக் கிளம்பிய நாள், எந்தப் பேரனுக்கு எந்த மாதம் அம்மை போட்டது, எல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் போகாததற்கு நோய் என்று பெயர் வைத்துவிட்டோம்!

மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே மறதி தொடங்கிய பாட்டியை, "படிக்காதவர்தானே, அதான் பதில் தெரியலை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. 1998-இல் இந்தியாவின் கொச்சியில் உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரு குழுவை அமைத்தார்கள். அதற்குப் பத்து-அறுபத்தாறு என்று எண்ணால் பெயர். அன்றைய கணக்கில், மறதிநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் மறதிநோய் ஆராய்ச்சியில் நூற்றில் பத்துப் பங்குகூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. அந்த அநியாயத்தைத்தான் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களையும் நியாயமாக அளக்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். முதியவரை மட்டும் கேட்காமல், கூட இருப்பவரையும் உட்கார வைத்துக் கேட்பது அந்த முறையில் முக்கியமான அங்கம். இந்தியாவில் அதை எங்கே செய்து பார்த்தார்கள்? நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். நம் மொழி பேசும் நம் பாட்டிகளிடம்! கருவி தமிழில் இருக்கிறது. ஆனால் அதை எடுத்து வந்து, ஜோகூர்த் தமிழுக்கும் ஜோகூர் வாழ்க்கைக்கும் ஏற்றபடி சரிபார்த்து, மலாய் மாணவருக்கும் சீன மாணவருக்கும் தமிழ் மாணவருக்கும் ஒரே வகுப்பில் கற்பிக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் நான் சொல்லும் இளம் விரிவுரையாளர். அவருக்கு ஆசை இருக்கிறது. அறிவு இருக்கிறது. இல்லாதது நேரம்.

அவருடைய ஒரு வாரத்தைப் பாருங்கள். காலையில் வகுப்பு. மதியம் மாணவர்களை வார்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். மாலையில் தேர்வுத்தாள் திருத்த வேண்டும். இடையில் தரச்சான்றுக்கான கோப்புகள். ஆண்டு முடிவில் கே.பி.ஐ. என்று ஒரு கணக்கு வரும்: எத்தனை கட்டுரை வெளியிட்டாய், எவ்வளவு ஆராய்ச்சி நிதி கொண்டுவந்தாய்? ஒரு மாணவியை ஒரு தாத்தாவின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, அவர் சாப்பிடும் பதினான்கு மாத்திரையில் எது எதற்கு, எதை நிறுத்தலாம் என்று எண்ணிப் பார்க்க வைத்தாயே, அதற்கு அந்தக் கணக்கில் எத்தனை புள்ளி? ஒரு புள்ளியும் இல்லை. அவருக்கு மேல் அதே துறையில் மூத்தவர் இருக்கிறாரா? பெரும்பாலும் இல்லை. இருதயம் கற்பிக்கும் இளையவருக்கு இருதயத்தில் மூத்த பேராசிரியர் இருப்பார். முதியோர் மருத்துவம் கற்பிக்கும் இளையவர் பல இடங்களில் தன் துறையில் தன்னந்தனியே இருக்கிறார். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. செய்ததை நன்றாகச் செய்தாய் என்று சொல்லவும் ஆளில்லை. அப்புறம் ஒரு நாள், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை விளம்பரம் வருகிறது. இங்கே வாங்கும் சம்பளத்தைப்போலப் பல மடங்கு. அவர் போனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாம் அவரைப் பிடித்து வைக்க என்ன செய்தோம்?

நம் வீடுகளிலும் பாருங்கள். மகள் மருத்துவம் முடித்துவிட்டு, "அப்பா, நான் முதியோர் மருத்துவம் எடுக்கப் போகிறேன்" என்றால் அப்பா என்ன சொல்கிறார்? "ஏம்மா, இருதயம் எடுக்கலாமே? கண் எடுக்கலாமே?" ஐந்தாண்டுப் படிப்பு, இரண்டாண்டு ஹவுஸ்மன், பிறகு உள்மருத்துவ நிபுணர் ஆக வேண்டும், அதற்குப் பிறகு முதியோர் மருத்துவத்தில் மூன்றாண்டு. இவ்வளவு நீண்ட பாதையில் நடக்கத் துணிந்த பெண்ணை வீட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். அப்புறம் நமக்கு எழுபது வயதானதும் நல்ல டாக்டர் இல்லையே என்று புலம்புகிறோம்.

இது இன்று தொடங்கிய துன்பம் இல்லை. இந்தத் துறை பிறந்த நாளிலிருந்தே முன்னோடிகள் தனியாகத்தான் நின்றார்கள். 1935-இல் லண்டனில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளை ஏற்றுக்கொண்டது. 714 பேர். பெரும்பாலும் முதியவர்கள், பல வருடம் படுக்கையை விட்டு எழாதவர்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எல்லாரும் கைவிட்டவர்கள். அவர்களைப் பார்க்க நியமிக்கப்பட்டவர் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர். அவர் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். யாருக்கு என்ன நோய் என்று பிரித்தார். இருண்டு கிடந்த வார்டுகளுக்கு வெளிச்சமான வண்ணம் பூசச் செய்தார். எழ முடிந்தவர்களை எழுப்பினார், நடக்க முடிந்தவர்களை நடக்க வைத்தார், பலரை வீட்டுக்கே அனுப்பி வைத்தார். 1943-இலும் 1946-இலும் கட்டுரை எழுதினார்: இதற்குத் தனித் துறை வேண்டும், மருத்துவ மாணவர்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டும் என்று. உலகம் எப்போது கேட்டது? 1965-இல்தான் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முதியோர் மருத்துவத்துக்கு உலகின் முதல் பேராசிரியர் பதவியை உருவாக்கி, பெர்குசன் ஆண்டர்சனை அதில் அமர்த்தியது. வாரன் அந்த வார்டுக்குள் நுழைந்து 30 ஆண்டு கழித்து! அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1960-இலேயே காலமாகிவிட்டார்.

சென்னையைப் பாருங்கள். நம்மவர், டாக்டர் வ.செ. நடராசன். பிரிட்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே ஒரு வெளிநோயாளர் பிரிவு தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். உள்ளே சேர்த்துப் பார்க்க 10 படுக்கை கிடைத்தது எப்போது? 1988-இல். இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது எப்போது? 1996-இல். வெளிநோயாளர் பிரிவிலிருந்து பட்டப்படிப்பு வரை 18 ஆண்டு. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தது. தமிழில் மக்களுக்கு முதுமையைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவர் அவர். அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மனிதர் பிடிவாதமாக நின்றதால்தான் ஒரு துறை பிறந்தது என்றால், அவர் நிற்காமல் போயிருந்தால்? பிரிட்டனில் 30 ஆண்டு, சென்னையில் 18 ஆண்டு. நம்மிடம் இருப்பதோ மொத்தமாகவே 24 ஆண்டு. யாரோ ஒரு பிடிவாதக்காரர் வருவார் என்று ஜோகூர் காத்திருக்க முடியுமா?

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி யோசித்தார்கள். ஆளை நம்பாமல் ஏற்பாட்டை நம்பினார்கள். 1998-இல் ஒரு சட்டம் செய்து, முதியோர் மருத்துவம் கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கென்றே ஓர் அரசு விருதை உண்டாக்கினார்கள். விருது என்றதும் சால்வையும் கேடயமும் நினைத்துவிடாதீர்கள். அது நேரத்துக்கான பணம். அந்த ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கை விருது கொடுத்துவிடும். ஆகவே கல்லூரி அவருக்குக் கற்பிக்கவும், பாடத்திட்டம் எழுதவும், தானே மேலும் கற்கவும் நேரம் விட்டாக வேண்டும். முதலில் டாக்டர்களுக்கு மட்டும் இருந்தது. பின்னர் தாதியர், மருந்தாளர், பல் மருத்துவர், சமூகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட் என்று திறந்துவிட்டார்கள். இடையில் சில ஆண்டுகள் அந்த நிதி நின்றும் போனது. துறையில் உள்ளவர்கள் விடாமல் வாதாடி, 2019-இல் 26 இளம் ஆசிரியர்களோடு அது மீண்டும் தொடங்கியது. ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலர், நான்கு ஆண்டுக்கு.

அரசு மட்டும்தான் செய்யுமா? அங்கே ஜான் ஹார்ட்போர்டு அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து, முதியோர் தாதிமையில் முனைவர் பட்டம் படிக்கவும் படித்த பிறகு ஆசிரியராக நிலைபெறவும் தாதியர்களுக்கு அது பெருமளவில் உதவியது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஹார்ட்போர்டு குடும்பம் மளிகைக் கடை நடத்தியது. டீத்தூள், சீனி, மாவு விற்ற பணம்! இந்த மண்டபத்தில் எத்தனை கடை முதலாளிகள் இருக்கிறீர்கள்? லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்கள், மாசாயில், ஸ்கூடாயில், பாசிர் கூடாங்கில் கடை வைத்திருப்பவர்கள். கோயிலுக்குக் கொடுக்கிறீர்கள், தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் கை பெரிய கை என்று எனக்குத் தெரியும். ஓர் இளம் தாதிமை ஆசிரியை முதியோர் மருத்துவத்தில் மேற்படிப்பு முடிக்க, உங்களில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொகை ஒதுக்கினால் என்ன? அவர் உருவாக்கும் தாதி உங்கள் கடை வாசலில் மயங்கி விழும் பெரியவரையும் பார்ப்பார், ஒரு நாள் உங்களையும் பார்ப்பார்.

இந்த ஊரில் நமக்கு என்ன குறை? இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது. மோனாஷ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் ஜோகூர் பாருவில் பயிற்சி பெறுகிறார்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. சுல்தானா அமினா மருத்துவமனை இருக்கிறது. தம்போயில் 1937-இலிருந்து பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கிறது. சமூகநலத் துறையின் ருமா ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம் இருக்கிறது. எல்லாம் ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள். இவற்றில் கற்பிக்கும் இளையவர்கள் ஒருவரையொருவர் அறிவார்களா? டாக்டருக்குக் கற்பிப்பவரும் தாதிக்குக் கற்பிப்பவரும் பிசியோதெரபிஸ்டுக்குக் கற்பிப்பவரும் மாதம் ஒரு மாலை ஒரே மேசையில் உட்கார்ந்து, "இந்த வாரம் வார்டில் எனக்கு இது நடந்தது, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று பேசினால், தனிமை பாதி தீர்ந்துவிடும். ஓய்வு பெற்ற மூத்த தாதியர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களைப்போல் ஒருவர் அந்த மேசையில் இருந்தால் மீதிப் பாதியும் தீரும். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், போய் உட்காருங்கள். அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கல்லூரித் தலைவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் இளம் ஆசிரியரின் கால அட்டவணையில் வாரத்தில் ஒரு நாளை அடைத்து வையுங்கள். அந்த நாளில் கூட்டம் வேண்டாம், கோப்பு வேண்டாம், வேறொருவருக்குப் பதிலாக வகுப்பு எடுக்கும் வேலையும் வேண்டாம். அந்த நாள் முதியவர்களோடும் மாணவர்களோடும் அவர் இருக்கும் நாள். ஆண்டு முடிவில் அந்த நாளுக்கும் புள்ளி போடுங்கள். பணம் இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. மனம் வேண்டும்.

இப்போது முன்வரிசைக்கு வருகிறேன். தாத்தா, பாட்டி, உங்களால் இதில் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களா? உங்களால் ஆவது வேறு யாராலும் ஆகாது. மாணவர்கள் முதன்முதலில் முதியவரைப் பார்ப்பது வார்டில்தான். வலியில், கண்ணாடி இல்லாமல், பல்செட் இல்லாமல், ஆஸ்பத்திரி உடுப்பில், பாதி மயக்கத்தில் இருக்கும் முதியவரை. அதுதான் முதுமை என்று அந்தப் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த நினைப்போடு முப்பது வருடம் வேலை பார்ப்பார்கள். சொந்தச் சேலையில், சொந்த வேட்டியில், நெற்றியில் திருநீறோடு, வாய் நிறையப் பேசிக்கொண்டு நீங்கள் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தால்? நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து காட்டினால்? "இந்த மாத்திரை சாப்பிட்டா தலை சுத்துது, அதனால நான் சாப்பிடுறதில்லை, டாக்டர்கிட்ட சொல்லலை" என்று உண்மையைச் சொன்னால்? ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளைகள் உங்களிடம் கேட்கட்டும். "அவரு கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டிருந்தாரு" என்று நீங்கள் பதில் சொல்லுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. ஓர் இளம் ஆசிரியருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய துணையும் அதுதான். அவர் தனியாக நிற்கும் மேசைக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருகிறீர்கள்.

ஆகவே இந்த விழாவை ஏற்பாடு செய்தவர்களிடம் சொல்லி, வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரத் தயாராக இருக்கும் பெரியவர்கள் பெயரையும், எந்தக் கிழமை வசதி என்பதையும், எந்த மொழியில் பேச விருப்பம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் சொன்னால் போதும், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட வண்டி வைத்திருக்கும் இளைஞர்களும் அதிலேயே பெயர் கொடுங்கள். வரும் நாளில் மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், டாக்டர் கொடுத்ததையும் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். முதல் வகுப்பே அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் தொடங்கும்.